கழிப்பறைக் கோப்பையை இடம் மாற்றுகிறீர்களா? தரையை உடைக்கும் முன்

பழைய குளியலறையைப் புதுப்பிக்கும்போது, "கோப்பையை அந்தச் சுவர்ப் பக்கம் கொண்டுபோயிடலாமே" என்று வீட்டுக்காரர் கேட்பார். புதிதாக வேலை எடுப்பவர்கள் தலையாட்டிவிட்டு மறுநாளே சுத்தியலோடு வந்துவிடுகிறார்கள். கதவு இடிப்பது, ஆங்கிள் காக் (டேங்குக்குத் தண்ணீர் விடும் வால்வு) மறந்துபோவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தவறுகள், அவற்றை விட்டுவிடுவோம். தரையை மூடிய பிறகு தலைகாட்டுபவைதான் காசைத் தின்னும்.

இடத்தை முடிவு செய்துவிட்டு மட்டத்தைத் தேடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இது. பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் பத்து நிமிடத்தில் தவிர்த்திருக்கலாம்.

மாடி ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்கு அடியில் போகும் பைப், டக்ட்டில் (பைப்புகள் இறங்கும் சந்து) இறங்கும் மெயின் பைப்பின் டீயில் (பக்கவாய் உள்ள இணைப்பு) போய்ச் சேர வேண்டும். அந்த வாய்க்குக் கீழே கான்கிரீட், அதை இறக்க வழியில்லை. ஆகவே கணக்கு அங்கிருந்து தொடங்கிக் கோப்பை வரை ஏற வேண்டும். 110 மி.மீ. பைப்புக்கு 40-க்கு 1 சரிவு, அதாவது மீட்டருக்கு 25 மி.மீ. புதிய இடம் 8 அடி தள்ளி என்றால் ஏற்றம் சுமார் 60 மி.மீ.

வாட்டர்புரூஃபிங், அதன் மேல் பூச்சு எல்லாம் சேர்த்து டீ வாயில் பைப்பின் அடி தளத்திலிருந்து 40 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். கோப்பைப் பக்கம் அது 100 ஆகிவிடும். பைப்பின் விட்டம் 110, ஆக மேல் விளிம்பு 210-ல். சன்கன், அதாவது குளியலறைக்காகத் தளத்தைத் தாழ்த்தி விட்ட பள்ளம், 9 அங்குலம்தான் என்றால், 225-ல் 210 போக மிச்சம் 15 மி.மீ. டைலும் அதன் கலவையும்கூட அதில் அடங்காது. ஒரு அடி சன்கனில் 90 மி.மீ. மிஞ்சும், பைப் மறைந்துவிடும். ஆனால் எஸ் டிராப் கோப்பைக்கு (வாய் தரையை நோக்கி இறங்கும் வகை) அடியில் இறங்கித் திரும்பும் பெண்டுக்கும் (வளைவுத் துண்டு) உயரம் வேண்டுமே! அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெண்டை முதலில் வாங்கி, பைப்பில் சொருகி, டேப் வைத்துப் பாருங்கள்.

கணக்குப் போடாதவர்கள் பாதி வேலையில் மாட்டிக்கொண்டு மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிப்பார்கள். முதலாவது, பைப்பைக் கிடைமட்டமாகப் போட்டு மூடுவது. இன்றைய ஃபிளஷ் டேங்க் பெரும்பாலும் 6 லிட்டர், பாதி அழுத்தினால் 3. சரிவில்லாத 8 அடியில் தண்ணீர் முன்னால் ஓடிவிடும், மற்றது பின்தங்கும். சில மாதத்தில் அடைப்பு, அப்புறம் ஆசிட், கம்பி, கடைசியில் டைலை உடைப்பது. இரண்டாவது, ஓர் அங்குலம் கிடைக்கட்டும் என்று தளத்தைக் கொத்துவது அல்லது பீமில் வழி தோண்டுவது. கம்பியின் மேலிருக்கும் கான்கிரீட் போனால் துரு உள்ளே வரும். பீமில் கை வைப்பது கட்டடத்தையே பாதிக்கும், வீட்டுக்காரர் சம்மதித்தாலும் செய்யக்கூடாது. மூன்றாவது, குளியலறைத் தரையை 4 அங்குலம் உயர்த்துவது. குளித்த தண்ணீர் படுக்கையறைக்கு வரும், கதவின் அடியை அறுக்க வேண்டும், குழாய்கள் எல்லாம் கைக்குத் தாழ்வாகிவிடும்.

டக்ட் ஓரத்தில் ஒரே ஒரு டைலை எடுத்து, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டம்) பிடித்து ஆழத்தைக் குறித்த பிறகே ரேட் பேசுங்கள். ஆழம் போதவில்லை என்றால் பி டிராப் கோப்பைக்கு மாறலாம். அதன் வாய் முடிந்த தரையிலிருந்து சுமார் 180 மி.மீ. உயரத்தில் சுவர்ப் பக்கம் வரும். பைப்பைத் தரைக்கு மேலேயே சுவரோரமாக ஓட்டி, திட்டுக் கட்டி மூடிவிடலாம். டக்ட்டில் புதிய ஒய் (சாய்ந்த பக்கவாய் உள்ள இணைப்பு) ஒன்று வெட்டிப் போட வேண்டியிருக்கும், அன்று மேல் வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திட்டின் அகலத்துக்குக் கோப்பை முன்னே வரும். அதற்கு முன்னால் 600 மி.மீ. இடம் மிஞ்சுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் இடத்தை மாற்றாதீர்கள். அதைச் சொல்வதற்கும் சேர்த்துத்தான் கூலி.

சரிவைச் சோதிக்க, 2 அடி ரசமட்டத்தின் தாழ்வான முனைக்கு அடியில் 15 மி.மீ. கட்டையை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் 40-க்கு 1 சரியாக இருக்கிறது.

பக்கத்தில் இருக்கிற பைப்பில் சேர்ப்பது

பழைய ஃபிளாட்டுகளில் டக்ட்டில் இரண்டு பைப் இறங்கும். ஒன்று கழிப்பறைக்கு, இன்னொன்று குளித்த தண்ணீருக்கு. கிட்டே இருக்கிறதே என்று இரண்டாவதில் சேர்த்தால் கழிவு கீழே கல்லி டிராப்பில் (குளித்த தண்ணீர் விழும் தரைத்தளத் தொட்டி) போய் நிற்கும். அது பெரும்பாலும் 75 மி.மீ. பைப் வேறு. தரைத்தள வீட்டுக்காரர் உங்கள் பெயரை நன்றாக நினைவு வைத்துக்கொள்வார்.

பூச்சுக்கு முன் சுவரிலிருந்து அளப்பது

எஸ் டிராப் கோப்பைக்கு 9 அங்குலம் என்றால், அது டைல் முகத்திலிருந்து பைப்பின் நடு வரை. பூச்சும் டைலும் ஓர் அங்குலம் தின்றுவிடும். செங்கல் சுவரிலிருந்து குறித்தால் 10.

90 டிகிரி பெண்டு

படுத்த பைப்பில் திருப்பம் வேண்டுமா, ஒரே 90-க்குப் பதில் இரண்டு 45 போடுங்கள்.

பழைய வாயைக் கலவையால் அடைப்பது

சாக்கைத் திணித்து மேலே சிமென்ட் பூசுகிறார்கள். கொஞ்ச நாளில் அது விட்டுப்போகும், நாற்றமும் கரப்பானும் வரும். பழைய பைப்பை டீ வரை அறுத்து எடுத்து, அங்கேயே எண்ட் கேப்பைப் பேஸ்ட் போட்டு ஒட்டுங்கள். நீளத் துண்டை உள்ளே விட்டால் அதில் கழிவு தேங்கும்.

வெள்ளை சிமென்ட்

கோப்பையைத் தரையோடு ஒட்ட அது வேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது கோப்பை உடையும். சிலிக்கான் போதும், அதிலும் பின்பக்கம் ஒரு சிறு இடைவெளி விடுங்கள். கசிவு இருந்தால் அந்த வழியாகத் தெரிய வரும்.

சோதிக்காமல் நிரப்புவது

டக்ட் முனையை அடைத்து, கோப்பை வாய் வரை தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். மட்டம் இறங்கக்கூடாது. உடைத்த இடத்தில் வாட்டர்புரூஃபிங் புதிதாகச் செய்து, சன்கனில் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ் வீட்டுக் கூரையைப் பாருங்கள். பிறகு கோப்பையைத் தற்காலிகமாக வைத்து, டிஷ்யூ சுருட்டிப் போட்டு நாலைந்து தடவை ஃபிளஷ் செய்யுங்கள்.

நிரப்பும் முன் சுவரோரம் டேப்பை நீட்டி வைத்து, பைப் போகும் வழியைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். கோப்பையின் போல்ட்டுக்குத் தரையில் துளை போடுபவர் அதைப் பார்க்காமல் டிரில்லை இறக்கினால், புதிய பைப்பிலேயே ஓட்டை விழும்.