தூரம் ஓடுகிற பைக்குக்கு ஸ்பீக்கர் பூட்டுவது

ஏ9 வீதியில் 30 இல் போகும்போது நன்றாகக் கேட்கிற பாட்டு 60 ஐத் தாண்டியதும் காற்றோடு போய்விடும். உடனே எல்லோரும் பெரிய அம்ப், அதாவது ஸ்பீக்கருக்கு வலுக் கொடுக்கிற அம்பிளிஃபையர், தேடிப் போவார்கள். நானும் போனேன். பெட்டியில் 300 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றை வாங்கிப் பூட்டி இரண்டு கிழமைதான் ஓடினேன். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில், இருட்டத் தொடங்கிய நேரம், தண்ணீர் குடிக்க நிறுத்திய பைக் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. பற்றரி முழுக்க இறங்கிவிட்டது. பழைய கார்புரேற்றர் பைக் என்றபடியால் பின்னால் இருந்த தம்பி தள்ள, இரண்டாம் கியரில் போட்டு எடுத்தோம். இன்ஜெக்ஷன் பைக்காக இருந்திருந்தால் அதுவும் நடந்திராது.

வீட்டுக்கு வந்து அந்த அம்பைக் கழற்றிப் பார்த்தேன். அதில் இருந்த பியூஸ் 10 ஆம்பியர். 12 வோல்டை 10 ஆல் பெருக்கினால் 120. 120 வாட்ஸுக்கு மேல் உள்ளே போக முடியாத பெட்டியில் இருந்து 300 எப்படி வெளியே வரும்? ஆகவே கடையில் பெட்டியில் உள்ள இலக்கத்தைப் பார்க்காமல் பியூஸைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். ஹொண்டா கோல்ட் விங் என்கிற அவ்வளவு பெரிய பயண பைக்குக்கே 2021 இல் 45 வாட்ஸ் ஸ்பீக்கர்தான் கம்பனி போட்டது, அதற்கு முன்னர் 25.

சரி, அப்படியென்றால் சத்தத்தைக் கூட்டுவது எப்படி? சத்தத்தை அளப்பது டெசிபலில். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம்தான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. எங்கள் பைக்கின் சார்ஜிங் அதைத் தாங்காது. ஆனால் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்று ஒன்று இருக்கிறது, அதே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது அது, 84 டெசிபல், 90 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். 84 ஐ விட்டு 90 உள்ளதை எடுத்தால் அந்த 6 டெசிபல் சும்மா கிடைக்கும். அதே போல, காலுக்கு முன்னால் உள்ள லெக் காட் கம்பியில் காதிலிருந்து 1.2 மீற்றர் தள்ளிப் பூட்டுவதை விட்டு, ஹாண்டிலில் 60 சென்ரிமீற்றரில் பூட்டினால் இன்னொரு 6. இரண்டும் சேர்ந்து 12 டெசிபல். வாட்ஸ் கணக்கில் சொன்னால் அது 16 மடங்கு. 10 வாட்ஸ் அம்ப் 160 வாட்ஸ் அம்பின் வேலையைச் செய்யும், பற்றரிக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கணக்கை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்தக் காட்டு வீதியில் நின்றிருக்க மாட்டேன்.

ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் ஆக இருக்கட்டும். 12 வோல்டில் ஓடுகிற அம்பில் 8 ஓமை விட 4 ஓம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாட்ஸ் எடுக்கும். ஸ்பீக்கரின் நடுவில் அதிர்கிற கோன் கடதாசியில் வேண்டவே வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு கிழமை நனைந்தால் ஊறிப் போய்விடும். படகுக்கென்று வருகிற, பிளாஸ்ரிக் கோனும் ரப்பர் விளிம்பும் உள்ள 4 அங்குல ஸ்பீக்கர் மழைக்கும் தாங்கும், கிரவல் வீதிச் செம்புழுதிக்கும் தாங்கும். அம்ப், கரண்டை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை. டிபிஏ3116 சிப் போட்ட சின்னப் போர்டு 12 வோல்டில் பக்கத்துக்கு 15 வாட்ஸ் அளவில் சுத்தமாகத் தரும், சூடும் குறைவு. முழுச் சத்தத்தில் 3 ஆம்பியர் எடுக்கும், சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது அதை விட நன்றாகக் குறைவு.

வாங்குவதற்கு முன்னர் மல்ரிமீற்றரை பற்றரியில் வைத்துப் பாருங்கள். என்ஜின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து, ஹெட்லைற் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13 க்குக் கீழே நிற்கிறதென்றால் முதலில் சார்ஜிங்கைச் சரி செய்யுங்கள், ஸ்பீக்கர் பிறகு.

வயரிங்கில்தான் கன பேர் அவசரப்படுகிறார்கள். ஹெட்லைற் வயரில் சுரண்டிக் கரண்ட் எடுப்பதைத் தயவுசெய்து விடுங்கள், அந்த வயர் கருகினால் இரவில் லைற்றும் போய்விடும். பற்றரி பிளஸ்ஸில் இருந்து 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து நாலு பின் ரிலேயின் (கரண்ட் வந்தால் தானே மூடுகிற சுவிட்ச்) 30 ஆம் இலக்கப் பின், 87 இல் இருந்து அம்ப். 86 க்குத் திறப்புப் போட்டால் கரண்ட் வருகிற ஒரு வயர், 85 எர்த். இப்படிச் செய்தால் திறப்பை எடுத்ததும் அம்பும் நின்றுவிடும், மறந்து விட்டுப் போனாலும் பற்றரி இறங்காது. அம்பின் எர்த்தை சேஸியில் எங்காவது பூட்டாமல் நேரே பற்றரி மைனஸுக்கே கொண்டு போங்கள். ரேஸ் கூடக் கூட ஸ்பீக்கரில் உய்ய்ய் என்று ஒரு சத்தம் கூடவே ஏறுகிறதே, அது பெரும்பாலும் எர்த்தில் இருந்து வருவது. டிக் டிக் என்று வந்தால் என்ஜினின் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள், என்ஜிகே பிளக் இலக்கத்தில் ஆர் எழுத்து இருந்தால் அது ரெசிஸ்ரர் உள்ள பிளக், அதுதான் வேண்டும்.

மூட்டுகளை ஈயம் வைத்து ஒட்டினால் அதிர்வில் ஈயம் முடிகிற இடத்திலேயே வயர் முறியும். கிரிம்ப் செய்து, அதாவது இணைப்பானை வயரோடு நசுக்கி இறுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் ரியூப் போடுவதுதான் நிற்கும். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடாத அளவுக்கு நீளம் விடுங்கள்.

பெட்டிக்குப் பெரிய செலவு வேண்டாம். 4 அங்குல பிவிசி குழாயில் ஒரு துண்டு, பின்னால் மூடி, உள்ளே ஒரு பிடி இலவம் பஞ்சு, வயர் போகிற துளைக்கு சிலிக்கன். காற்று ஒழுகாமல் அடைத்தால் அந்தச் சின்ன ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் மாதிரிக் கேட்கும். கிளாம்புக்கும் ஹாண்டிலுக்கும் இடையில் பழைய ரியூப் வெட்டி வையுங்கள், நட்டு நைலோன் உள்ளதாக இருக்கட்டும். ஸ்பீக்கர் முகம் உங்கள் காதைப் பார்க்க வேண்டும், வீதியை அல்ல. இரண்டையும் பூட்டியதும் 1.5 வோல்ட் பற்றரி ஒன்றை ஒவ்வொன்றின் வயரிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், பிளஸ்ஸில் பிளஸ் தொட்டால் கோன் வெளியே தள்ளும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் வயர் மாறியிருக்கிறது, பாட்டில் அடிச்சத்தமே இராது.

அடிச்சத்தம் என்றதும் ஒன்று. பேஸைக் கூட்டாதீர்கள். காற்றின் இரைச்சலும் அதே தாழ்ந்த சத்தம்தான், அதோடு போட்டி போட்டால் அம்பின் வலு எல்லாம் அங்கேயே போய்விடும். ஓடும்போது ஒரு நாதஸ்வரக் கச்சேரி போட்டுக் கேட்டுப் பாருங்கள், தவிலின் வலந்தலை தெளிவாகக் கேட்கும், கனத்த சத்தம் வருகிற தொப்பி கேட்கவே கேட்காது. போனில் ஈக்குவலைசரைத் திறந்து 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறக்கி, குரல் இருக்கிற 1000 முதல் 4000 வரை கொஞ்சம் ஏற்றுங்கள். அம்பைத் தொடாமலே சத்தம் கூடும்.

ஆனால் புளியங்குளத்தில் இருந்து நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்ட பிறகு போனால் முழுக்க நிறுத்திவிடுங்கள். யானை நிற்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னர் கொப்பு முறிகிற சத்தம் கேட்கும், அதைக் கேட்கக் காது வேண்டும். வழியில் செத்த வீட்டுப் பந்தலோ வாழையோ கண்டாலும் தூரத்திலேயே நிறுத்த வேண்டும், அதற்காகவே நான் ஹாண்டிலில் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் தனி சுவிட்ச் ஒன்று வைத்திருக்கிறேன்.

எல்லாம் பூட்டியதும் வவுனியாவில் இருந்து முறிகண்டி வரை ஒரு ஓட்டம் போங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, புறப்படுவதற்கு முன்னர் கிளாம்ப் நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள், முதல் ஓட்டத்தில் கட்டாயம் தளர்ந்திருக்கும். அம்பில் கையை வைத்துப் பாருங்கள். கையை எடுக்க வேண்டிய அளவு சூடென்றால் அது காற்றுப் படாத இடத்தில் இருக்கிறது, சீற்றுக்குக் கீழிருந்து வெளியே கொண்டு வாருங்கள்.