பழைய கார் அடிப்பக்கத்த வீட்லயே சுத்தம் பண்ணி துரு தடுக்குறது எப்படி

நிறைய பேரு முதல்ல அண்டர்கோட்டிங் (துரு பிடிக்காம இருக்க கார் அடியில பூசுறது) டின்ன வாங்கிட்டு வந்துட்டு அப்புறமாதான் காருக்கு கீழயே குனிஞ்சு பாக்குறாங்க. டின்ன திறக்குறதுக்கு முன்னாடியே முக்காவாசி வேலை முடிஞ்சிருக்கணும். ஈரத்து மேலயும் துரு மேலயும் கருப்பா தடிமனா அடிச்சுட்டீங்கன்னா பாக்க புதுசாட்டம் இருக்கும், ஆனா உள்ள தண்ணி மாட்டிக்கிட்டு தகடு பாட்டுக்கு அரிச்சுக்கிட்டே போகும், வெளிய ஒண்ணும் தெரியாது. அதுக்கு ஒண்ணும் பூசாம விட்டுடலாம், துரு கண்ணுக்காவது தெரியும்.

வண்டிய தூக்குறது பத்தி முதல்ல சொல்லிடறேன். வெறும் ஜாக்க நம்பி யாரும் கீழ போகாதீங்க, சமமான கெட்டியான தரையில ஜாக் ஸ்டாண்ட் போட்டு, பாடிய கையால நல்லா ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் படுங்க. பெரும்பாலான கார்ல ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்துலதான் பிடிக்கும், அதனால பின்பக்கம் தூக்குனா அதுக்கு அர்த்தமே இல்ல, முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைக்கணும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் அடுக்கவே அடுக்காதீங்க, திடீர்னு பொடிஞ்சுடும்.

சைலன்சர் ஆறினதும் கழுவ ஆரம்பிங்க. முதல்ல தண்ணியில சேறு ஊறட்டும், ஆயில் பிசுக்கு இருக்குற இடத்துல டிகிரீசர் அடிச்சு பிரஷ் போடுங்க. வீல் ஆர்ச்சோட (சக்கரத்துக்கு மேல வளைவா இருக்குற தகடு) விளிம்பு உள்பக்கமா மடிஞ்சிருக்கும் பாருங்க, அங்க விரல விட்டா கட்டி கட்டியா மண்ணு வரும், பல வருஷ மண்ணு, மழை பெஞ்சு ரெண்டு நாள் ஆனாலும் ஈரமாவே இருக்கும். பின் சக்கரத்துக்கு முன்னாடி துரு ஆரம்பிக்கிறது பாதி இதனாலதான். கதவுக்கு அடியிலயும் சில் பேனலுக்கு (கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பாடி தகடு) அடியிலயும் தண்ணி வடியுறதுக்குன்னு சின்ன ஓட்டைங்க இருக்கும், அதையும் ஒரு கம்பியால குத்தி திறந்து விடுங்க. பிரஷர் வாஷர் வெச்சிருந்தா ஒயர் கனெக்டர், ரப்பர் பூட் பக்கத்துல கொண்டு போய் அடிக்க வேணாம். கடலோரத்துல ஓடுன வண்டின்னா சோப்பு போடலேன்னாலும் பரவால்ல, நல்ல தண்ணியில உப்பு போற வரைக்கும் அலசுங்க.

அப்புறம் காய விடுங்க. இங்கதான் எல்லாருக்கும் அவசரம். வெளிய தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா ரெண்டு தகடு சேர்ற ஜாயிண்ட்ல தண்ணி நிக்கும், ஒரு நாளாவது விட்டுட்டு, முடிஞ்சா காத்து அடிச்சு ஊதி விடுங்க.

காஞ்சப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவர எடுத்து அதோட பிடியால தட்டிக்கிட்டே வாங்க. நல்ல தகடு டங்குனு கேக்கும், அரிச்சது பொத்துனு கேக்கும், கூடவே செதில் செதிலா மூஞ்சில கொட்டும் (கண்ணாடி போடாம கீழ போகாதீங்க). முனையால அழுத்துனா உள்ள போகுதுன்னா அது பூசுற வேலையே இல்ல, வெட்டி வெல்டிங் வைக்கிற வேலை. அதுவும் சஸ்பென்ஷன் மாட்டுற இடம், சீட் பெல்ட் போல்ட் வர்ற இடம், ஜாக் வைக்கிற இடம், இதுல எதுலயாவது ஓட்டைன்னா டிங்கர்கிட்ட கொண்டு போயிடுங்க, பட்டி போட்டு மறைக்காதீங்க. பிரேக் பைப்பையும் அப்படியே தடவிப் பாத்துடுங்க, செதில் கிளம்பியிருந்தா மாத்திடணும்.

மத்த இடத்துல சுரண்டல்தான். பழைய கோட்டிங் பொருமியிருந்தா உரிச்சு எடுத்துட்டு, ஸ்க்ரேப்பர், வயர் பிரஷ், எமரி பேப்பர்னு போங்க. கிரைண்டர்ல வயர் வீல் மாட்டுனா சீக்கிரம் முடியும், ஆனா பெட்ரோல் டேங்க், ஃபியூயல் லைன் பக்கம் வேணவே வேணாம், பொறி பறக்கும், அங்க கையாலயே தேயுங்க. தூசிக்கு மாஸ்க்கும் போட்டுக்கோங்க.

லூசா இருக்குற துரு போயி ஒட்டிக்கிட்டு இருக்குற பழுப்பு மட்டும் மிச்சம் இருந்தா ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவுங்க. பெரும்பாலும் பாஸ்பாரிக் ஆசிட் இல்லேன்னா டானிக் ஆசிட்தான் அதுல, துருவோட சேர்ந்து கருப்பாயிடும். பளபளன்னு இருக்குற வெறும் இரும்புல அதுக்கு வேலை இல்ல, அங்க நேரா எபாக்ஸி பிரைமர் போதும். கன்வெர்ட்டர் மேல எத்தனை மணி நேரம் கழிச்சு என்ன அடிக்கலாம்னு டின்லயே போட்டிருக்கும், படிச்சுடுங்க.

கடைசியாதான் கோட்டிங். தாரு, ரப்பர் வகை கல்லடி தாங்கும், ஆனா வருஷம் போகப் போக இறுகி வெடிக்கும், வெடிச்ச இடத்துல தண்ணி பூந்துடும். மெழுகு, லேனோலின் (ஆட்டு ரோமத்துலருந்து எடுக்குற மெழுகு) வகை பிசுபிசுன்னு அழுக்கு பிடிக்கும், வருஷத்துக்கு ஒருதடவ தொட்டு விடணும், ஆனா இறுகாது, கீழ துரு வந்தாலும் தெரியும். பழைய காருக்கு நான் ரெண்டாவததான் சொல்லுவேன். சில் பேனலுக்கு உள்ள, பாக்ஸ் மாதிரி மூடுன இடத்துல எல்லாம் நீள டியூப் வெச்ச கேவிட்டி வேக்ஸ்தான் சரி, துரு அதிகமா உள்ளருந்துதான வருது.

அடிக்கிறதுக்கு முன்னாடி சைலன்சர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பிரேக் டிஸ்க், காலிப்பர், சென்சர், டிரைவ் ஷாஃப்ட் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிடுங்க, ரப்பர் புஷ் மேலயும் பட வேணாம். ஒரே தடவையா தடிமனா அடிக்காம மெல்லிசா ரெண்டு கோட்டு, காத்தோட்டமான இடத்துல, பக்கத்துல நெருப்பு இல்லாம. முடிஞ்சதும் திறந்து விட்ட அந்த வடிகால் ஓட்டைங்கள இன்னொருதடவ கம்பியால குத்திடுங்க, கோட்டிங் கண்டிப்பா அடைச்சிருக்கும். வண்டிய இறக்கி மெதுவா நகத்தி பிரேக் பிடிக்குதான்னு பாத்துட்டு ரோட்டுக்கு எடுங்க, சைலன்சர்ல ஒண்ணு ரெண்டு சொட்டு பட்டிருந்தா லேசா கருகுற வாசனை வந்துட்டு அடங்கிடும், அடங்காம புகை வந்துகிட்டே இருந்தா மட்டும் நிறுத்தி, ஆறினப்புறம் கீழ பாருங்க.