கிரிப்டோ பரிவர்த்தனை: ரகசியம் என்று நம்பிச் செய்யும் தவறுகள்

பிட்காயினில் பணம் அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்று நம்புவதுதான் முதல் தவறு. 2009 முதல் எந்த முகவரியிலிருந்து (கணக்கு எண் போன்றது) எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பெயர் மட்டும்தான் இல்லை. ஒரு முகவரி உங்களுடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதில் நடந்த பழைய வரவு செலவும் அம்பலமாகிவிடும்.

அதனால் ஒரே முகவரியை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ 2008-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புது சாவிகள், அதாவது புது முகவரி, வேண்டும் என்கிறார். அதே பத்தியில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு; பல முகவரிகளில் உள்ளதைச் சேர்த்துச் செலவழித்தால் அவை ஒரே ஆளுடையவை என்று தெரிந்துவிடும். பலர் கவனிக்காதது அதைத்தான். உங்கள் வாலட்டில் (காயினைக் கையாளும் செயலி) வேலைக்கூலியாக வந்த 0.02 பிட்காயின் ஒரு முகவரியிலும், சேமிப்பு 0.03 வேறொன்றிலும் இருக்கிறது என்று வையுங்கள். 0.04 அனுப்பினால் வாலட் இரண்டையும் சேர்த்துத்தான் செலவழிக்கும். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று பார்ப்பவர் ஊகித்துவிடுவார். கூலி கொடுத்தவருக்கு உங்கள் சேமிப்பும் தெரிந்துவிடும். எந்த முகவரியிலிருந்து செலவழிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி சில வாலட்களில் இருக்கிறது. அதைப் பழகிக்கொள்வது நல்லது. எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோவில் பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே முகவரி தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், மொத்த இருப்பும் தெரிந்துவிடும்.

நாளானால் தடம் அழிந்துவிடும் என்பதும் தவறு. 2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து (காயின் வாங்கி விற்கும் தளம்) சுமார் 1,20,000 பிட்காயின் திருடு போனது. டார்க்நெட் (மறைவான இணையம்) சந்தை, வேறு காயின்கள் என்று பல வழிகளில் அதைச் சுற்றவிட்டார்கள். ஆனாலும் 2022 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் நியூயார்க்கில் ஒரு தம்பதியைக் கைது செய்து, சுமார் 94,000 பிட்காயினை மீட்டதாக அறிவித்தார்கள்.

இந்தியாவில் எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச்சிலிருந்து பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கேஒய்சி (அடையாள ஆவணங்கள்) கொடுத்து வாங்கிய காயினைச் சொந்த வாலட்டுக்கு மாற்றினாலும், அது போன முகவரி எக்ஸ்சேஞ்சின் பதிவில் இருக்கும். வரியை மறைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

சரி, பணத்தை ஏமாந்துவிட்டால்? பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தடத்தைப் பின்தொடர்ந்து மீட்டுத் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். காசு எங்கே போனது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அது ஓர் எக்ஸ்சேஞ்சைச் சென்றடைந்தால், அங்கே முடக்கச் சொல்லும் அதிகாரம் காவல்துறை, நீதிமன்றம் போன்ற அரசு அமைப்புகளுக்குத்தான் உண்டு.