முதுகு தப்பிக்க ஒரு பேஸ் கேபினெட்

பேஸ் கிட்டாருக்கு ஆம்பெக் கம்பெனி செய்யும் பழைய பாணி எட்டு ஸ்பீக்கர் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) 60 கிலோவுக்கு மேல். அதை ஒருமுறை மாடிப்படியில் ஏற்றியவர் மறுநாளே இலகுவான பெட்டியைத் தேட ஆரம்பிப்பார்.

முதலில் நியோடைமியம் காந்தம் உள்ள ஸ்பீக்கரா என்று பாருங்கள். ஃபெரைட் காந்தத்தைவிட எடை நன்றாகவே குறையும். என் ஓட்டு, 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்றே உள்ள பெட்டிகள் இரண்டுக்கு. சின்ன மேடைக்கு ஒன்று போதும். பெரிய இடமென்றால் ஒன்றின் மேல் ஒன்று; மேல்பெட்டி காதுக்கு அருகில் வருவதால் நாம் வாசிப்பது நமக்கே தெளிவாகக் கேட்கும்.

இரண்டும் 8 ஓமாக இருக்கட்டும் (ஓம் என்பது மின்தடையின் அளவு). பக்க இணைப்பில் (பேரலல்) சேர்த்து மாட்டினால் 4 ஓம், பெரும்பாலான சிறிய ஆம்ப்கள் (ஒலிபெருக்கிக் கருவிகள்) தாங்கும். 4 ஓம் பெட்டிகள் இரண்டு என்றால் 2 ஓம் ஆகிவிடும். தடை குறைந்தால் ஆம்புக்குச் சுமை கூடும், பாதிக் கச்சேரியில் அணைந்து போகலாம்.

அப்புறம், வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் கூடுவது 3 டெசிபல்தான். சென்சிடிவிட்டியை, அதாவது ஒரு வாட்டுக்குப் பெட்டி எவ்வளவு சத்தம் தரும் என்பதைக் கேளுங்கள். ஐந்து கம்பி பேஸ் என்றால் மிகத் தாழ்ந்த சுருதியான 'பி' கம்பி 31 ஹெர்ட்ஸ்; அதைப் பெட்டி சமாளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் அதைத்தான் முதலில் மீட்ட வேண்டும், அதுவும் மேடைச் சத்தத்தில். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.