பிஸ்டாக் சர்வர் 2016-இலிருந்து 2020-க்கு மாறுவது எப்படி: மாஸ்டர் சீக்ரெட்டை எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

வெவ்வேறு மென்பொருள்களையும் கூட்டாளி நிறுவனங்களையும் இணைத்துத் தகவல் பரிமாறவைக்கும் மைக்ரோசாஃப்ட் பிஸ்டாக் சர்வர் 2016-க்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2027 ஜனவரி 12 அன்று முடிகிறது. 2020 பதிப்புதான் இந்த வரிசையில் கடைசி என்றும், அதற்கான ஆதரவு 2030 ஏப்ரல் 9 வரை நீளும் என்றும் அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆகவே கடைசிப் பதிப்புக்கு மாறுவதில் பொருள் உண்டா என்று மேலாளர்கள் கேட்பது நியாயமே. பத்துப் பதினைந்து இணைப்புகள் மட்டுமே ஓடுகின்றன என்றால் நேராக அஷ்யூர் லாஜிக் ஆப்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் மேகச் சேவைக்குப் போய்விடுங்கள் என்பேன். நூற்றுக்கணக்கில் இருந்தால், 2020-க்கு மாறி, கிடைக்கும் அவகாசத்தில் ஒவ்வொன்றாக மேகத்துக்குக் கொண்டுபோவதே நடைமுறைக்கு ஒத்துவரும். இந்த விளக்கம் இரண்டாம் வகையினருக்கானது. ரிசீவ் லொகேஷனை (தகவல் உள்ளே வரும் வாயிலை) நிறுத்துவதும், ஹோஸ்ட் இன்ஸ்டன்ஸை (பிஸ்டாக் பணிகளை ஓட்டும் விண்டோஸ் சேவையை) மறுதொடக்கம் செய்வதும் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அதே சர்வரிலா, புதிய சர்வரிலா?

2016-இலிருந்து 2020-க்கு இருக்கும் இடத்திலேயே மேம்படுத்த வழி உண்டு. ஆனால் 2020 பதிப்பு விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-இல் ஓடாது. விண்டோஸ் சர்வர் 2016 அல்லது அதற்குப் பிந்தைய, ஆதரிக்கப்படும் பதிப்பு வேண்டும். தரவுத்தளப் பக்கம் எஸ்.க்யூ.எல். சர்வர் 2014-ஐ அது ஏற்காது. 2016 சர்வீஸ் பேக் 2 அல்லது அதற்குப் பிந்தைய, ஆதரிக்கப்படும் பதிப்பு இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 2012 ஆர்2-உம் 2014-உம் என்றால் கேள்விக்கே இடமில்லை, புதிய சர்வர்கள்தான். இரண்டு வழியும் திறந்திருந்தாலும் நான் புதிய சர்வர்களையே தேர்ந்தெடுப்பேன். இருக்கும் இடத்தில் மேம்படுத்தும்போது பாதி வழியில் நின்றுவிட்டால், எல்லாத் தரவுத்தளங்களையும் பேக்கப்பிலிருந்து மீட்டெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிய குழுமம் (ஒரே தரவுத்தளங்களைப் பகிரும் பிஸ்டாக் சர்வர்களின் தொகுதி) என்றால் பழையதை மீண்டும் ஓடவிட்டால் போதும்.

படி 2: கியூமுலேட்டிவ் அப்டேட்

கியூமுலேட்டிவ் அப்டேட் என்பது அதுவரையான திருத்தங்களின் தொகுப்பு. 2016-இல் இவை இரண்டு வரிசைகளாக வெளிவந்தன: ஃபீச்சர் பேக் (கூடுதல் வசதிகளின் தொகுப்பு) நிறுவாதவர்களுக்கு ஒன்று, நிறுவியவர்களுக்கு ஒன்று. மாறுவதற்கு முன் பழைய சூழலைச் சீராக்க நினைப்பவர்கள், தங்களிடம் எது இருக்கிறது என்பதைக் கண்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட அப்டேட்டுகளின் பட்டியலில் பார்த்துவிட்டே கோப்பைத் தரவிறக்க வேண்டும். 2020-இல் இந்தக் குழப்பம் இல்லை. புதிய சர்வரில் வரிசை இதுதான்: முதலில் 2020-ஐ நிறுவுங்கள், அடுத்து அண்மைய அப்டேட்டைப் போடுங்கள், அதன் பிறகே கான்ஃபிகரேஷன் விஸார்டைத் திறந்து குழுமத்தை உருவாக்குங்கள். குழுமத்தில் நான்கு சர்வர்கள் இருந்தால் நான்கிலும் ஒரே அப்டேட் இருக்க வேண்டும். ஒன்றில் விட்டுவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அப்டேட் தரவுத்தளங்களையும் தொடக்கூடியது என்பதால், அதை நீக்கிவிட்டால் பழைய நிலை திரும்பிவிடும் என்று நம்பித் திட்டமிடவும் வேண்டாம்.

படி 3: மாஸ்டர் சீக்ரெட்

எங்கள் குழு அதிகம் திணறியது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ட் போர்ட்டிலும் (தகவல் வெளியேறும் வாயில்) ரிசீவ் லொகேஷனிலும் நாம் கொடுக்கும் அடாப்டர் அமைப்புகள், குறிப்பாக எஸ்.எஃப்.டி.பி. (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற) கடவுச்சொற்கள் போன்றவை, எஸ்.எஸ்.ஓ.டி.பி. என்ற தரவுத்தளத்தில் மறையாக்கப்பட்டு இருக்கின்றன. ஆனால் அதைத் திறக்கும் சாவி அந்தத் தரவுத்தளத்தில் இல்லை. குழுமத்தில் மாஸ்டர் சீக்ரெட் சர்வர் என்று குறிக்கப்பட்ட ஒரே ஒரு கணினியின் ரெஜிஸ்ட்ரியில்தான் அது இருக்கிறது. மற்ற சர்வர்கள் அதைக் கேட்டு வாங்கித் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. எனவே அந்தக் கணினியை யாராவது அணைத்துவிட்டாலும் மற்றவை வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் விண்டோஸ் அப்டேட்டுக்காக அவற்றை மறுதொடக்கம் செய்யும்போதுதான் எஸ்.எஸ்.ஓ. (எண்டர்பிரைஸ் சிங்கிள் சைன்-ஆன்) சேவைக்குச் சாவி கிடைக்காமல் ஹோஸ்ட் இன்ஸ்டன்ஸ்கள் எழ மறுக்கும். தரவுத்தள பேக்கப் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், சாவி இல்லாவிட்டால் அந்தக் கடவுச்சொற்களைப் படிக்க முடியாது.

முதன்முதலில் கான்ஃபிகர் செய்யும்போதே விஸார்ட் இந்தச் சாவிக்கு ஒரு பேக்கப் கோப்பையும் அதற்கொரு கடவுச்சொல்லையும் கேட்டிருக்கும். பெரும்பாலான இடங்களில் அந்தக் கோப்பு, காமன் ஃபைல்ஸுக்குள் இருக்கும் எண்டர்பிரைஸ் சிங்கிள் சைன்-ஆன் அடைவிலேயே, எஸ்.எஸ்.ஓ. என்று தொடங்கிப் புரியாத சில எழுத்துகளுடன் முடியும் பெயரோடு அப்படியே கிடக்கும். கடவுச்சொல்லை வைத்தவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். நல்ல வேளையாக, அந்தச் சர்வர் உயிரோடு இருக்கும்வரை பழைய கடவுச்சொல் தேவையே இல்லை. எஸ்.எஸ்.ஓ. நிர்வாகிகள் குழுவில் உள்ள கணக்கில் அதே சர்வரில் நுழைந்து, கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, மேற்சொன்ன அடைவுக்குப் போய், எஸ்எஸ்ஓகான்ஃபிக் கட்டளையை பேக்கப்சீக்ரெட் என்ற தெரிவுடனும் புதிய கோப்புப் பெயருடனும் இயக்குங்கள். புதிய கடவுச்சொல்லை இருமுறையும், நினைவூட்டுக் குறிப்பை ஒருமுறையும் கேட்கும். கோப்பை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, கடவுச்சொல்லை உங்கள் நிறுவனத்தின் கடவுச்சொல் பெட்டகத்தில் சேருங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அதே கட்டளைக்கு ஜெனரேட்சீக்ரெட் என்றொரு தெரிவும் உண்டு. அது புதிய சாவியை உருவாக்கி எல்லாவற்றையும் மீண்டும் மறையாக்கிவிடும். மாற்றம் நடக்கும் வாரத்தில் அதன் பக்கமே போக வேண்டாம்.

புதிய குழுமத்துக்குப் புதிய சாவிதானே உருவாகும், பழையது எதற்கு என்று கேட்கலாம். திரும்பிப் போக நேர்ந்தால் அது வேண்டும். அதோடு, நிரல்களுக்கான அமைப்பு மதிப்புகளைப் பலர் எஸ்.எஸ்.ஓ.விலேயே சேமித்து வைத்திருப்பார்கள். அவை பைண்டிங் கோப்பில் (போர்ட்டுகள், ரிசீவ் லொகேஷன்களின் அமைப்புகளைக் கொண்ட கோப்பு) வராது, எஸ்.எஸ்.ஓ. அப்ளிகேஷன் கான்ஃபிகரேஷன் கருவி மூலம் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

படி 4: பைண்டிங்குகளும் கடவுச்சொற்களும்

பைண்டிங் கோப்பை ஏற்றுமதி செய்யும்போது கடவுச்சொற்கள் அதில் வராது. அந்த இடம் காலியாகவோ வெறும் நட்சத்திரக் குறிகளாகவோ இருக்கும். அப்படியே இறக்குமதி செய்து ரிசீவ் லொகேஷனை இயக்கினால், புதிய கோப்பு வந்ததா என்று பார்க்கும் ஒவ்வொரு போலிங் இடைவெளியிலும் தவறான கடவுச்சொல்லோடு எதிர்த்தரப்பு சர்வரைத் தட்டி, சில நிமிடங்களில் கணக்கே பூட்டப்பட்டுவிடக்கூடும். கடவுச்சொற்களை முன்கூட்டியே திரட்டுங்கள். கூட்டாளி நிறுவனங்களிடமிருந்து பதில் வரவே வாரங்கள் ஆகலாம். அவற்றை உள்ளிட்டு முடிக்கும்வரை எல்லா ரிசீவ் லொகேஷனும் நிறுத்தப்பட்டே இருக்கட்டும்.

அட்மின் கன்சோலிலிருந்து எம்.எஸ்.ஐ. (நிறுவல் கோப்பு) எடுத்து நிறுவுவது எனக்குப் பிடித்த வழியன்று. பிஸ்டாக் டிப்ளாய்மெண்ட் ஃபிரேம்வொர்க் என்ற திறந்தமூலக் கருவியில் ஒரே பைண்டிங் வார்ப்புருவை வைத்துக்கொண்டு, சோதனைச் சூழலுக்கும் உற்பத்திச் சூழலுக்கும் மதிப்புகளை ஒரு விரிதாளில் தனித்தனியே கொடுக்கலாம். மதிப்பு எங்கே மாறியது என்று தேட வேண்டியிராது. நிரல்களை விஷுவல் ஸ்டுடியோ 2019-இல் திறந்து மீண்டும் தொகுக்க வேண்டும். பழைய சர்வரில் பிஸ்டாக் சேவையின் கான்ஃபிக் கோப்பிலும் மெஷின் கான்ஃபிகிலும் கைப்படச் செய்த மாற்றங்கள் இருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: பழையதை வடித்தல்

தூங்கும் நிலையில் உள்ள ஆர்க்கெஸ்ட்ரேஷன்களை (பல படிகளில் ஓடும் பணிப்பாய்வுகளை) புதிய குழுமத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. பழைய பக்கத்தில் ரிசீவ் லொகேஷன்களை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றவற்றை ஓடவிட்டு, அட்மின் கன்சோலின் குரூப் ஹப் பக்கத்தில் முடியாத பணிகளின் எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை காத்திருங்கள். பதிலுக்காக நாள்கணக்கில் காத்திருக்கும் பணிகள் இருந்தால், அவை முடியும்வரை இரு குழுமங்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டியதுதான்.

படி 6: எஸ்.க்யூ.எல். ஏஜெண்ட் ஜாப்கள்

பேக்கப் பிஸ்டாக் சர்வர் என்ற ஜாப் (எஸ்.க்யூ.எல். சர்வர் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் பணி) இயல்பில் முடக்கப்பட்டே இருக்கும். பாதையைக் கொடுத்து நீங்கள்தான் இயக்க வேண்டும். பிஸ்டாக்கின் தரவுத்தளங்கள் ஒரே பரிவர்த்தனைக்குள் சேர்ந்து மாறுபவை என்பதால் அவற்றை ஒரே குறியீட்டுப் புள்ளிக்கு (எல்லாவற்றிலும் பொதுவாகக் குறிக்கப்பட்ட தருணத்துக்கு) மீட்டெடுக்க வேண்டும். அதற்கு இந்த ஜாப் எடுக்கும் பேக்கப் மட்டுமே உதவும். தரவுத்தள நிர்வாகிகள் தனியே எடுக்கும் பேக்கப்பை நம்ப வேண்டாம். மெஸேஜ்பாக்ஸ் மெஸேஜ் கிளீனப் என்ற ஜாப் முடங்கியிருப்பதைப் பார்த்து அதை இயக்கிவிடாதீர்கள். மேனேஜ் ரெஃப்கவுண்ட் லாக் என்ற இன்னொரு ஜாப் அதை அழைத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் பிஸ்டாக் ஹெல்த் மானிட்டர் என்ற சோதனைக் கருவியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், இலவசம், போதுமானது. நாள்தோறும் கண்காணிக்கப் பணம் செலவிட முடியும் என்றால் கோவை.கோ நிறுவனத்தின் பிஸ்டாக்360 என் தேர்வு.

பிற்சேர்க்கை: இதைப் பின்பற்றிய வாசகர் ஒருவர், குழுமத்தை உருவாக்கும் கட்டத்திலேயே பரிவர்த்தனைப் பிழை வருவதாகக் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார். ஃபயர்வால் திறந்தே இருந்தது. பிஸ்டாக் சர்வரும் எஸ்.க்யூ.எல். சர்வரும் ஒரே மெய்நிகர் இமேஜிலிருந்து நகலெடுக்கப்பட்டவை. அதனால் இரண்டின் எம்.எஸ்.டி.டி.சி. (பல சர்வர்களில் பரவிய பரிவர்த்தனைகளை ஒருங்கிணைக்கும் விண்டோஸ் சேவை) அடையாள எண்ணும் ஒன்றாகவே இருந்தது. டி.டி.சி.பிங் கருவியை இரு பக்கமும் ஓட்டினால் இந்த எச்சரிக்கை வெளிப்படையாகத் தெரியும். ஒரு சர்வரில் எம்.எஸ்.டி.டி.சி.யை அன்இன்ஸ்டால் தெரிவுடனும், பின்பு இன்ஸ்டால் தெரிவுடனும் இயக்கி, மறுதொடக்கம் செய்து, நெட்வொர்க் அணுகல் அமைப்புகளை மீண்டும் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். நகலெடுத்த சர்வர்களில் வேலை செய்பவர்கள் இதை முதற்படிக்கும் முன்பாகவே பார்த்துவிடுங்கள்.