கர்ப்பகாலச் சுகர்: காலையில் மட்டும் ஏன் ஏறி நிற்கிறது, எப்படி இறக்குவது?

பகல் முழுக்கச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிற சுகர் எல்லாம் ஒழுங்காக இருக்கும். விடிய எழும்பி வெறும் வயிற்றில் பார்த்தால் மட்டும் 99, 104, 108 என்று நிற்கும். கர்ப்பகால நீரிழிவு என்று கார்ட்டில் எழுதப்பட்ட பிறகு திருகோணமலைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். எனக்கும் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இதே கதை. வீட்டில் ஒவ்வொருவரும் "இரவு என்ன சாப்பிட்டாய்?" என்று விசாரிப்பார்கள், உண்மையில் பாதிப் பொறுப்பு கூட அந்தச் சாப்பாட்டுக்கு இல்லை.

முதலில் எண்கள். பொதுவாகக் கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் எல்லை: வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிடத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் 140க்குக் கீழே, இரண்டு மணித்தியாலத்தில் 120க்குக் கீழே. உங்கள் மீற்றர் 5.3, 7.8, 6.7 என்கிற மாதிரிக் காட்டினால் பயப்படாதீர்கள், அது mmol/L என்கிற வேறு அளவுமுறை, அதே எல்லைதான் (நான் இங்கே சொல்வதெல்லாம் mg/dL அளவு). உங்கள் டொக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே உங்களுக்கு.

இனி, ஏன் காலையில்? விடியப்புறம் மூன்று நான்கு மணியிலிருந்து உடம்பு எழும்பத் தயாராகும்போது கோர்ட்டிசோல், வளர்ச்சி ஹோர்மோன் எல்லாம் கூடும். உடனே ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்த சீனியை இரத்தத்துக்குள் விடும். இது எல்லாருக்கும் நடப்பதுதான், கணையம் கொஞ்சம் இன்சுலின் விட்டுச் சமாளித்துவிடும். ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நச்சுக்கொடி சுரக்கிற ஹோர்மோன்கள் அந்த இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை, நச்சுக்கொடி வளர வளர அந்தத் தடையும் வளரும். அதனால்தான் 24 கிழமைக்குப் பிறகு, அதிலும் ஏழாம் எட்டாம் மாதத்தில், நேற்று வரை 88 காட்டிய காலைச் சுகர் ஒன்றும் மாற்றாமலே 100 ஆகிறது. நீங்கள் பட்டினி கிடந்தாலும் ஈரல் சீனி விடும். இதை விளங்கிக்கொண்டால்தான் கீழே சொல்லப்போவது பிடிபடும்.

படி 1: சரியாக அளவுங்கள்

எழும்பியதும், தேத்தண்ணிக்கு முன்னால், சமையலுக்கு இறங்க முன்னால் பாருங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள், ஈரம் இருந்தாலும் மாம்பழம் வெட்டிய கையாக இருந்தாலும் எண் பிழைக்கும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், நோவும் குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்தவுடன் மூடிவிடுங்கள், எங்கள் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று அதற்குக் கூடாது. ஜன்னலோரத்தில், வெயில் படும் இடத்தில் வைக்கவே வேண்டாம்.

கடைசியாகச் சாப்பிட்டதற்கும் அளப்பதற்கும் இடையே எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் இருக்கட்டும். ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் எட்டு மணிக்கு அளந்தால் அது பதின்மூன்று மணித்தியாலம், நீண்ட பட்டினியே சிலருக்குக் காலை எண்ணைக் கூட்டும்.

படி 2: இரவு படுக்கும் முன்னும் ஒரு தடவை பாருங்கள்

இதைத்தான் பலர் செய்வதில்லை. மூன்று நான்கு நாள் படுக்க முன் ஒன்று, எழும்பியவுடன் ஒன்று என்று பார்த்து ஒரு கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரவே 130, 140 என்று இருந்தால் பிரச்சினை இரவுச் சாப்பாட்டில், அதைத் திருத்தலாம். இரவு 100 ஆக இருந்து காலையில் 106 என்றால் அது ஈரலும் ஹோர்மோனும் செய்கிற வேலை. ஏற்கெனவே இன்சுலின் போடுபவர்கள் டொக்டரிடம் கேட்டு ஒரு நாள் விடியப்புறம் மூன்று மணிக்கும் பார்ப்பது நல்லது, அந்த நேரம் சுகர் இறங்கிப் போகிறதா என்று தெரியும்.

படி 3: இரவுச் சாப்பாடு

எங்கள் இரவுச் சாப்பாடு என்றால் பிட்டு, இடியப்பம், தோசை, ரொட்டி, இல்லாவிட்டால் பாண். எல்லாமே மா. எதையும் முற்றாக விடச் சொல்லவில்லை. கோப்பையில் கால்வாசி மட்டும் மாச்சாப்பாடு, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ கடலையோ, மிச்சப் பாதி மரக்கறி. இடியப்பத்தோடு சொதியும் சம்பலும் மட்டும் என்றால் அது வெறும் மாவும் தேங்காயும்தான், கூடவே ஒரு மீன் குழம்பு வேண்டும். நமக்கு மீனுக்கா பஞ்சம்? சூடையோ கீரியோ இரண்டு மூன்று துண்டு, ஒரு கீரை வறை, அதற்குப் பிறகு இடியப்பத்தில் கை வையுங்கள். மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டு மாச்சாப்பாட்டைக் கடைசியில் சாப்பிட்டாலே சுகர் மெதுவாகத்தான் ஏறும்.

கோதுமை மாப் பிட்டுக்குப் பதில் சிவப்பரிசி மா அல்லது குரக்கன் பாவிக்கலாம். ஆனால் குரக்கன் என்றதற்காக இரண்டு குழல் பிட்டுச் சாப்பிட்டால் பலன் இல்லை, அளவுதான் முக்கியம். பிட்டுக்கு வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைவதைப் பிள்ளை பிறக்கும் வரை மறந்துவிடுங்கள்.

இன்னும் சில விஷயங்கள் அம்மாமார், மாமிமார் அன்பாகத் தருவது. பனங்கட்டி கடித்துக்கொண்டு பிளேன் டீ குடித்தால் சுகர் ஏறாது என்பார்கள், பனங்கட்டியும் சீனிதான், தயிருக்கு ஊற்றும் பாணியும் சீனிதான். கர்ப்பிணிகளுக்கான பால்மா வாங்கினால் பெட்டியில் சீனி சேர்த்திருக்கிறதா என்று வாசியுங்கள். மிட்வைஃப் தரும் திரிபோஷா என்கிற சத்துமாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்து இரவில் சாப்பிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது சத்தான சாப்பாடுதான், ஆனால் சீனி வேண்டாம், பகலில் எவ்வளவு எடுக்கலாம் என்று மிட்வைஃபிடமே கேளுங்கள்.

படி 4: சாப்பிட்டபின் நடை

பதினைந்து இருபது நிமிடம், பேசிக்கொண்டு நடக்கிற வேகம். டச்பே பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்கரை இருக்கிறது, இருட்டில் போக முடியாதவர்கள் வீட்டு முற்றத்தில், விறாந்தையில் நடந்தாலும் அதே பலன். இரத்தக்கசிவு, பிரஷர், நச்சுக்கொடி கீழே இருப்பது போன்ற காரணத்தால் டொக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

படி 5: படுக்க முன் சின்னச் சாப்பாடு

என் மச்சாள் ஒருத்தி காலையில் 104 வருகிறது என்று இரவுச் சாப்பாட்டையே நிறுத்திப் பார்த்தாள். வந்தது 109. தலைச்சுற்று வேறு. கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் உண்டாக்கும், அது பிள்ளைக்கும் நல்லதில்லை. அவளுக்கு நான் சொன்னது, ஒன்பதரை பத்து மணிக்கு ஒரு அவித்த முட்டை, அல்லது ஒரு பிடி வறுத்த கச்சான், அல்லது அவித்த கடலை கொஞ்சம், அல்லது சீனி, பாணி ஒன்றும் போடாத எருமைத் தயிர் அரைக் கோப்பை. அடுத்த கிழமை அவளுக்கு 93, 96 என்று இறங்கியது. எல்லாருக்கும் இப்படி இறங்காது. மூன்று இரவு ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக் காலை எண்ணைப் பாருங்கள், சரிவராவிட்டால் வேறொன்றை மாற்றிப் பாருங்கள். பிஸ்கட் மட்டும் வேண்டாம்.

விரதம் பிடிப்பவர்கள், நோன்பு பிடிக்க விரும்பும் கிண்ணியா, மூதூர்ச் சகோதரிகள், தயவுசெய்து டொக்டரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

படி 6: தூக்கமும் காலைச் சாப்பாடும்

தூக்கம் கெட்டால், மனம் அந்தரப்பட்டால் காலைச் சுகர் கூடும். ஃபோனை ஒதுக்கிவைத்துக் கொஞ்சம் முன்னாலேயே படுங்கள். அப்புறம், காலையில் 105 வந்துவிட்டது என்று காலைச் சாப்பாட்டை விடக்கூடாது, விட்டால் ஈரல் இன்னும் சீனி விட்டுக்கொண்டே இருக்கும். உடம்பு மாச்சாப்பாட்டை மிகக் குறைவாகத் தாங்கும் நேரமும் காலைதான், அதனால் அந்த வேளைக்குக் கடலை, பயறு, முட்டை கூடவும் பாண், இடியப்பம் குறையவும் இருக்கட்டும்.

படி 7: எப்போது கிளினிக்குக்குப் போவது

இதையெல்லாம் ஒரு கிழமை ஒழுங்காகச் செய்தும் மூன்று நான்கு நாள் 95க்கு மேலேயே நின்றால் அடுத்த கிளினிக் திகதி வரும் வரை காத்திருக்காதீர்கள், கொப்பியோடு போங்கள். காலைச் சுகர்தான் சாப்பாட்டுக்குக் கட்டுப்பட மிகவும் மறுக்கிற எண், நிறையப் பேருக்கு மருந்து தேவைப்படுகிறது. டொக்டர் மெட்ஃபோமின் குளிசை தரலாம், அல்லது இரவில் போடும் இன்சுலின் தரலாம். இன்சுலின் என்றதும் பல வீடுகளில் அழுகை தொடங்கிவிடும். இன்சுலின் பிள்ளைக்குப் போகாது, நச்சுக்கொடியைத் தாண்டுவதில்லை என்றே சொல்லலாம். ஆனால் உங்கள் இரத்தத்தில் கூடின சீனி தாராளமாகத் தாண்டும், பிள்ளை அளவுக்கு மீறி வளரும், பிறந்தவுடன் பிள்ளையின் சுகர் சடுதியாக இறங்கும். ஆகவே ஊசி போடுவது பிள்ளைக்குப் பாதுகாப்புத்தான்.

இரவில் போடத் தரும் இன்சுலின் பெரும்பாலும் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். போட முன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மெதுவாக உருட்டிக் கலக்குங்கள், குலுக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் ஒரு மண்முட்டியில் தண்ணீர் விட்டு, மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு அதற்குள் வைத்து நிழலில் வையுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு வேர்த்து, நடுங்கி, 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பாகற்காய்ச் சாறு, கருவாத் தண்ணி, வெந்தயப் பொடி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பாகற்காய்க் கறி தாராளமாகச் சாப்பிடுங்கள், சாறாக மருந்து மாதிரிக் குடிப்பது கர்ப்ப காலத்தில் வேண்டாம்.

பிள்ளை பிறந்து நச்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சுகர் தானாக இறங்கிவிடும். ஆனாலும் 6 முதல் 12 கிழமைக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்யவேண்டும், ஏனென்றால் இந்தச் சுகர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்புக் கூட. பிள்ளையின் இரண்டு மாதத் தடுப்பூசியும் அந்தக் காலத்தில்தான் வரும், இரண்டு திகதியையும் சேர்த்தே குறித்து வையுங்கள். சோதனைக்கு வெறும் வயிற்றோடு போய் இரண்டு மணித்தியாலம் இருக்கவேண்டும், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.