டாஸ்க் அனாலிசிஸ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாஸ்க் அனாலிசிஸ் என்றால் ஒருவர் ஒரு வேலையை எந்தெந்தப் படிகளில் முடிக்கிறார் என்று பிரித்துப் பார்ப்பது. போன வாரம் எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த இருவர் ஒரு எக்செல் ஷீட்டைக் கொண்டுவந்து, ஒரு பில் போட 14 நொடி ஆகும் என்று காட்டினார்கள். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் பல வருடம் முன்னால் நான் செய்த அதே தவறு அதில் அப்படியே உட்கார்ந்திருந்தது. சின்னச் சின்ன சறுக்கல்களை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரையைப் பார்த்துப் படிகளை எழுதுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். மருந்துக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் அது. ஸ்கிரீன்ஷாட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, பேட்ச், எண்ணிக்கை, பிரின்ட் என்று படி எழுதி, ஒவ்வொன்றுக்கும் நொடி போட்டு, வேகமாக இருக்கும் என்று அறிக்கையும் கொடுத்தேன். கடைகளில் போட்டதும் பாதிப் பேர் கைப்பில்லுக்கே திரும்பிவிட்டார்கள். மூன்று மாத வேலை போயிற்று.

அப்புறம்தான் ஒரு கடையில் சாயங்காலக் கூட்டத்தில் கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு பெரியவர் காலி அட்டையை நீட்டி, "இதுல பத்து குடு தம்பி" என்கிறார். பெயரைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. தம்பி ரேக்கில் இருந்து அட்டையை எடுத்து, எக்ஸ்பைரி பார்த்து, மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டுகிறார். "எவ்வளவுப்பா ஆச்சு?" "நூத்தி நாப்பது ஐயா." "அப்ப அஞ்சு போதும்." கத்தரிக்கோலை எடுத்து அட்டையை வெட்டுகிறார். இடது கையில் இன்னும் மூன்று அட்டை, டைப் அடிக்க வலது கை மட்டும்தான், மவுஸ் காகிதக் கவர்களுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.

விலை கேட்பது, எண்ணிக்கை மாறுவது, ஒரு கை வேலையாக இருப்பது, இதில் எதுவும் திரையில் கிடையாது. ஒவ்வொரு கை அசைவுக்கும் யோசனைக்கும் நொடி போட்டுக் கூட்டும் கீஸ்ட்ரோக் லெவல் மாடலில் மவுஸுக்குக் கை மாற 0.4 நொடி, யோசிக்க 1.35, குறி வைக்க 1.1, கிளிக்குக்கு 0.2, ஆக 3.05 நொடி. அதே வேலைக்கு ஒரு ஃபங்ஷன் கீ வைத்திருந்தால் 1.55. மாடல் இதைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தது, கை எங்கே இருக்கிறது என்று நான்தான் பார்க்கவில்லை.

1993இல் வெளியான ப்ராஜெக்ட் எர்னஸ்டைன் ஆய்வைத் தேடிப் படியுங்கள். அமெரிக்காவில் நைனெக்ஸ் தொலைபேசி நிறுவனம் ஆபரேட்டர்களுக்குப் புதிய பணிமேசை வாங்கப் பார்த்தது. அது வேகமானது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளையும் சேர்த்துக் கணக்கிடும் சிபிஎம்-கோம்ஸ் மாடல், இல்லை, இது சுமார் 3 சதவீதம் மெதுவாகும் என்றது, களத்தில் சுமார் 4 சதவீதம் மெதுவானது. அழைப்பின் தொடக்கத்தில் ஆபரேட்டர் எப்படியும் காத்திருக்கிற நேரத்தில் விழுந்த கீகளைக் குறைத்துவிட்டு, கடைசியில் எல்லோரும் காத்திருக்கிற இடத்தில் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பேச்சையும் கேட்பதையும் மாடலுக்குள் கொண்டுவந்ததால்தான் அது தெரிந்தது.

அதனால் முதலில் போய் நில்லுங்கள். அந்த ஆள் எதை முடிக்கப் பார்க்கிறார் என்பதை அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். திரையை அப்புறம் திறக்கலாம்.

நொடிக் கணக்கையே யூசபிலிட்டி (பயன்படுத்த எளிமை) என்று நினைப்பது

கார்ட், மோரன், நியூவெல் மூவரும் 1980இல் கீஸ்ட்ரோக் லெவல் மாடலைக் கொடுத்தது கை பழகிய, தப்பே செய்யாத ஆளுக்கு. முதல் நாள் வருகிற பையன் எங்கே திணறுவான் என்று அது சொல்லாது. அதற்கு நாலைந்து பேரை உட்காரவைத்து வேலையைக் கொடுத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

யோசிக்கும் நேரத்தை இஷ்டத்துக்குப் போடுவது

இரண்டு டிசைனை ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே விதி. தனக்குப் பிடித்த டிசைனில் 1.35ஐத் தெரியாமலே குறைத்துவிடுகிறவர்கள் நிறைய.

விரல் அசைவு வரை உடைப்பது

வேலையைப் படிகளாகவும் உட்படிகளாகவும் உடைக்கும் படிநிலைப் பகுப்பாய்வில் எங்கே நிறுத்துவது என்று ஆனெட்டும் டங்கனும் 1967இலேயே சொல்லிவிட்டார்கள்: அந்தப் படி தவறும் வாய்ப்பையும் தவறினால் வரும் நஷ்டத்தையும் பெருக்கிப் பாருங்கள், தாங்கக்கூடியது என்றால் நிறுத்துங்கள். பிரின்ட் பட்டனை உடைக்க வேண்டாம், பேட்ச் தேர்வை உடையுங்கள்.

சிஸ்டம் எடுக்கும் நேரத்தை விடுவது

கடை நெட்டில் அளந்து பாருங்கள், ஆபீஸ் நெட்டில் அல்ல.

ஒரே ஆளைப் பார்த்துவிட்டு எழுதுவது

முதலாளி பில் போடும் விதம் வேறு, தம்பி போடும் விதம் வேறு. வேலையை இலக்கு, செயல், வழிமுறை, தேர்வு விதி என்று பிரிக்கும் கோம்ஸ் மாடலில், பல வழிகளில் எதை எப்போது எடுப்பார் என்று சொல்லும் தேர்வு விதி இருப்பதே அதற்குத்தான்.